சட்டைப்பை ஓரத்தில் ஒரு சரித்திரம்! - மதுரைச் சீமையின் பேட்ஜ் கதை

பரண் மேல் இருக்கும் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்தால் என்னவெல்லாம் கிடைக்கும்? கிரயப் பத்திரம், மஞ்சள் பூத்த கல்யாணப் பத்திரிகை, ஓரம் மடங்கிய கறுப்பு வெள்ளை போட்டோ... இவற்றுக்கெல்லாம் அடியில், துருப்பிடித்த ஊக்கோடு, காசு அளவில் ஒரு வட்டத் தகடு கிடந்தால் அவசரப்பட்டுக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். அதில் ஓர் உதயசூரியனோ, இரட்டைக் காளையோ, தொப்பி போட்ட எம்.ஜி.ஆரோ இருக்கலாம். உங்கள் தாத்தாவோ அப்பாவோ ஒரு காலத்தில் நெஞ்சில் குத்திக்கொண்டு, ‘நான் இந்தப் பக்கம்’ என்று ஊருக்கே சொன்ன சாட்சி அது.

நாணயம் சேர்ப்பவர்கள் உண்டு, தபால்தலை சேர்ப்பவர்கள் உண்டு. அந்த வரிசையில் உலகம் முழுக்கப் பழைய பேட்ஜ் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் அரசியல் பேட்ஜ்களைச் சேகரிப்பவர்களுக்கென்று 1945-லேயே தனிச் சங்கம் தொடங்கிவிட்டார்கள். நம் ஊரிலோ தேர்தல் முடிந்த மறுநாள் பேட்ஜ் குப்பைக்குப் போய்விடும். ஆனால், பேட்ஜுக்கு மதுரையைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது கடினம். மாநாடு என்றாலும், ரசிகர் மன்றம் என்றாலும், புதுக்கட்சி என்றாலும் முதலில் நினைவுக்கு வருவது மதுரைதானே!

ஒரு பொத்தானின் பூர்வீகம்

முதலில் இந்தப் பொருள் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம்.

1789-ல் ஜார்ஜ் வாஷிங்டன் அமெரிக்காவின் முதல் ஜனாதிபதியாகப் பதவியேற்றபோது, அவரை வாழ்த்தும் வாசகம் பொறித்த பித்தளைப் பொத்தான்களை மக்கள் தங்கள் கோட்டில் தைத்துக்கொண்டார்கள். 1860-ல் ஆபிரகாம் லிங்கன் போட்டியிட்டபோது, தகட்டின் மேல் போட்டோ பதிக்கும் முறை வந்திருந்தது. வேட்பாளரின் முகத்தையே நெஞ்சில் குத்திக்கொள்ள முடிந்தது. ஆனால், இவையெல்லாம் செலவு பிடித்த சமாசாரங்கள்.

ஏழை பாழைக்கும் எட்டும் விலையில் பேட்ஜ் வந்தது 1896-ல். நியூஜெர்சி மாநிலத்தின் நெவார்க் நகரத்தில் ‘வைட்ஹெட் அண்ட் ஹோக்’ என்றொரு கம்பெனி இருந்தது. பாஸ்டனைச் சேர்ந்த அமாண்டா லூகி என்ற பெண்மணி, பொத்தானின் மேல் செல்லுலாய்டு போர்த்தும் முறைக்கு உரிமம் வாங்கியிருந்தார். அந்த உரிமையைக் கம்பெனி விலைக்கு வாங்கியது. அந்தப் பொத்தானோடு ஊசியைச் சேர்த்து, 1896 ஜூலை 21 அன்று தன் பெயரில் காப்புரிமை பெற்றது. அந்த ஆண்டுதான் மெக்கின்லியும் பிரையனும் மோதிய ஜனாதிபதி தேர்தல். பேட்ஜ்கள் லட்சக்கணக்கில் பறந்தன. அதே காலத்தில் சிகரெட் பாக்கெட்டோடு கார்ட்டூன் பேட்ஜ்களை இலவசமாகக் கொடுத்ததால், சேகரிக்கும் மோகமும் கூடவே பிறந்துவிட்டது.

இதன் தயாரிப்பு முறை ரொம்ப எளிது. குழிவான தகர மூடி, அதன்மேல் அச்சடித்த வட்டக் காகிதம், அதற்கும் மேலே கண்ணாடி போன்ற ஒரு தாள், பின்னால் ஒரு வளையம், அதில் ஊக்கு. எல்லாவற்றையும் கை மெஷினில் வைத்து ஓர் அழுத்து அழுத்தினால் பேட்ஜ் தயார். இன்றைக்கும் கிட்டத்தட்ட இதே முறைதான்.

இதில் அந்தக் கண்ணாடித் தாள்தான் சுவாரஸ்யம். செல்லுலாய்டு என்பது, பஞ்சில் இருக்கும் செல்லுலோஸை அமிலத்தில் பதப்படுத்தி, கற்பூரம் கலந்து செய்வது. ஆமாம், நம் பூஜையறைக் கற்பூரமேதான்! தீப்பொறி பட்டால் குப்பென்று பிடித்துக்கொள்ளும் இந்தப் பொருளில்தான் அந்தக் காலத்து சினிமா ஃபிலிம் சுருளும் செய்யப்பட்டது. பேட்ஜும் சினிமாவும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். தமிழ்நாட்டில் இரண்டும் பிறகு எப்படிச் சேர்ந்துகொண்டன என்பது உங்களுக்கே தெரியும்.

உடம்பே விளம்பரம்

பேட்ஜ் வருவதற்கு முன்பே, அரசியலை உடம்பில் அணிந்துகொள்ளும் வழக்கம் மதுரைக்கு வந்துவிட்டது. 1921 செப்டம்பர் 22. மதுரை மேல மாசி வீதியில் ஒரு வீட்டில் தங்கியிருந்த காந்தி, அதுவரை போட்டிருந்த உடையைத் துறந்து, இடுப்பில் ஒரு முழத்துண்டோடு வெளியே வந்தார். பேச்சு எதுவும் தேவைப்படவில்லை. ஏழைகளின் பக்கம் நிற்கிறேன் என்பதை அந்தத் துண்டே சொல்லிவிட்டது. கதர் சட்டையும் வெள்ளைத் தொப்பியும் காங்கிரஸ்காரரின் அடையாளமாயின.

எதிர்ப்பக்கத்தில் கறுப்புச் சட்டை வந்தது. 1946 மே மாதம் திராவிடர் கழகத்தின் கறுப்புச் சட்டை மாநாடு மதுரையில் நடந்தபோது பந்தலுக்கே தீ வைத்தார்கள். ஒரு சட்டையின் நிறம் அவ்வளவு கோபத்தைக் கிளப்பியது. அணிந்திருப்பது வெறும் துணி அல்ல என்பதை அணிந்தவரும் அறிந்திருந்தார், எதிர்த்தவரும் அறிந்திருந்தார்.

அப்புறம் கரை வேட்டி, தோளில் துண்டு, கையில் பச்சை குத்திய கட்சிச் சின்னம், விரலில் தலைவர் படம் போட்ட மோதிரம். இந்த வரிசையில்தான் பேட்ஜும் வந்து சேர்ந்தது. ஆனால், மற்றவற்றுக்கு இல்லாத ஒரு வசதி இதற்கு உண்டு. பச்சை குத்தினால் அழியாது. கரை வேட்டியை நடுத்தெருவில் மாற்ற முடியாது. பேட்ஜை மட்டும் ஒரு நொடியில் குத்தலாம், ஒரு நொடியில் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்ளலாம். அப்படியும் எங்கே கழற்றவில்லை என்பதில்தான் ஒருவரின் துணிச்சல் தெரியும்.

கட்சி சாராத பேட்ஜ்களும் நம் வீடுகளில் இருந்தன. 1949 முதல் டிசம்பர் 7-ம் தேதி கொடி நாள். உண்டியலில் காசு போட்டதும் சட்டையில் குத்திவிடும் குட்டிக் காகிதக் கொடி, படைவீரர் நலனுக்காகக் கொடுத்ததற்கான ரசீது. பள்ளிக்கூடத்து லீடர் பேட்ஜ், ஆண்டு விழாவில் சிறப்பு விருந்தினருக்குக் குத்தும் ரிப்பன் பூ, திருவிழாக் கூட்டத்தில் ‘தொண்டர்’ என்று எழுதிய அட்டை... இவை எல்லாமே அதே குடும்பம்தான்.

இதில் பெண்களுக்கும் பங்குண்டு. அந்தக் காலத்து அம்மாக்களின் தாலிக்கொடியில் எப்போதும் நாலைந்து ஊக்கு தொங்கும். பேட்ஜின் ஊக்கு உடைந்தால் முதலில் கை நீள்வது அங்கேதான். எந்தக் கட்சி, எந்தக் கொள்கை என்று பார்க்காமல் எடுத்துக் கொடுத்த ஊக்கு அது. அமெரிக்காவின் வால்டர் ஹன்ட் 1849-ல் கண்டுபிடித்த சேஃப்டி பின், நம் வீட்டுப் பெண்களிடம் வந்து அப்படியொரு பொதுச்சொத்து ஆகிவிட்டது!

படிக்கத் தெரியாதவருக்கும் புரியும் பாஷை

சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல் 1951-52ல் நடந்தது. 1951 கணக்கெடுப்பின்படி எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 18 பேர்தான். வேட்பாளர் பெயரை அச்சடித்து நீட்டினால் யாருக்குப் புரியும்? அதனால் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனி ஓட்டுப்பெட்டி வைத்து, பெட்டியின் மேல் சின்னத்தை ஒட்டினார்கள். பெயர் தெரிய வேண்டாம், படம் தெரிந்தால் போதும்.

இங்கேதான் பேட்ஜுக்கு வேலை வந்தது. மேலூர்ப் பக்கத்திலோ உசிலம்பட்டிப் பக்கத்திலோ ஒரு கிராமத்துக்குள் பத்துப் பேர் ஒரே பேட்ஜைக் குத்திக்கொண்டு நடந்துபோனால் போதும். எழுத்தே தெரியாதவருக்கும் சின்னம் மனதில் பதிந்துவிடும். மேடைப் பேச்சு முடிந்ததும் காற்றோடு போய்விடும். சுவரொட்டியை மாடு தின்றுவிடும். சட்டையில் குத்தியது மட்டும் டீக்கடைக்கும் வரும், சந்தைக்கும் வரும், சம்பந்தி வீட்டுக்கும் வரும்.

அதன் சக்தியைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. 1951-ம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, ஓட்டுப்பதிவு நாளில் வாக்குச்சாவடியிலிருந்து 100 மீட்டருக்குள் பிரசாரம் செய்யவும் கூடாது, தேர்தல் தொடர்பான அடையாளம் எதையும் காட்டவும் கூடாது. ஒரு சின்னத் தகடு கடைசி நிமிடத்தில் ஒருவர் மனதை மாற்றிவிடக்கூடும் என்ற எச்சரிக்கைதான்!

காளைக்கும் சூரியனுக்கும் நடுவே

1949-ல் பிறந்த தி.மு.க-வுக்கு 1957 தேர்தலின்போது கட்சி என்ற அங்கீகாரம் இல்லை. 1958-ல்தான் அங்கீகாரம் கிடைத்து, உதயசூரியன் கட்சியின் சின்னமானது. அதன் பிறகு பல வீடுகளில் ஒரு புதுப் பிரச்னை முளைத்தது. அப்பா கதர்ச் சட்டையில் இரட்டைக் காளை, காலேஜ் போகும் பையன் சட்டையில் சூரியன்!

1965 அந்தப் பிளவை வீதிக்குக் கொண்டுவந்தது. ஜனவரி 26 முதல் இந்தி மட்டுமே மத்திய ஆட்சிமொழி ஆகும் என்ற நிலையில் தமிழக மாணவர்கள் திரண்டெழுந்தார்கள். அந்த நாளைத் துக்க நாளாகக் கடைப்பிடிக்கும்படி தி.மு.க. அறிவித்திருந்தது. முந்தைய நாளான ஜனவரி 25 அன்று, மதுரையில் ஊர்வலம் போன மாணவர்களுக்கும் காங்கிரஸ்காரர்களுக்கும் காங்கிரஸ் அலுவலகம் அருகே மோதல் மூண்டது. அந்த நெருப்பு மாநிலம் முழுக்கப் பரவி, இரண்டு வாரங்களுக்கு மேல் எரிந்தது. அதிகாரபூர்வமான கணக்கிலேயே சுமார் 70 உயிர்கள் போயின. ஒருவர் எந்தப் பக்கம் என்பது உயிர்ப் பிரச்னையாகவே ஆன நாட்கள் அவை.

இரண்டே வருடத்தில் 1967 தேர்தல். மதுரைக்குத் தெற்கே விருதுநகரில், பெருந்தலைவர் காமராஜரை எதிர்த்து நின்றவர் பெ.சீனிவாசன். இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் உருவான மாணவர் தலைவர். சொந்த ஊரிலேயே காமராஜர் 1,285 ஓட்டில் தோற்றார். அந்தத் தேர்தலின் இரட்டைக் காளை பேட்ஜும் உதயசூரியன் பேட்ஜும் இன்று பக்கத்துப் பக்கத்தில் கிடைத்தால், ஒரு சகாப்தம் முடிந்ததும் இன்னொன்று தொடங்கியதும் உங்கள் உள்ளங்கையில் இருக்கிறது என்று அர்த்தம்.

மன்றத்து பேட்ஜ் கட்சி பேட்ஜ் ஆன கதை

மதுரைக்கு அரசியல் எவ்வளவோ அவ்வளவு சினிமா. ஆசியாவின் பெரிய தியேட்டர்களில் ஒன்று என்று பெயர் வாங்கிய தங்கம் தியேட்டர், 1952 தீபாவளிக்கு ‘பராசக்தி’யோடுதான் திறந்தது. ரசிகர் மன்றங்கள் தெருவுக்குத் தெரு முளைத்த ஊர் இது. மதுரை மன்றங்களைப் பற்றி சாரா டிக்கி என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். முதல் நாள் முதல் காட்சிக்குப் போகும் ரசிகர் சட்டையில் மன்றத்து பேட்ஜ் இருந்தால் அதற்குத் தனிக் கெத்து.

1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். தி.மு.க-விலிருந்து நீக்கப்பட்டு, அதே மாதம் 17-ம் தேதி அ.தி.மு.க-வைத் தொடங்கினார். அதுவரை எம்.ஜி.ஆர். முகத்தையும் உதயசூரியனையும் ஒன்றாகக் குத்தியிருந்தவர்கள் ஒரே வாரத்தில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. முகமா, சின்னமா? நட்புகள் முறிந்தன. ஒரே டீக்கடையில் உட்கார்ந்தவர்கள் எதிரெதிர்க் கடைக்கு மாறினார்கள்.

அடுத்த ஆண்டே திண்டுக்கல் நாடாளுமன்றத் தொகுதிக்கு இடைத்தேர்தல். திண்டுக்கல் அன்று மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. அ.தி.மு.க. வேட்பாளர் மாயத்தேவர் தேர்ந்தெடுத்த சின்னம் இரட்டை இலை. இரண்டு விரலைக் காட்டினாலே சின்னம் வந்துவிடும். 1973 மே 11-ல் ‘உலகம் சுற்றும் வாலிபன்’ வெளியானது. இந்தப் படம் வந்தால் சேலை கட்டிக்கொள்கிறேன் என்று அப்போதைய மேயர் மதுரை முத்து சவால் விட்டதாக மதுரையில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். படம் வந்தது, ஓடியது. மே 20 ஓட்டுப்பதிவில் மாயத்தேவர் வென்றார். ஆளுங்கட்சியான தி.மு.க. மூன்றாம் இடத்துக்குப் போனது. மன்றத்து பேட்ஜ் கட்சி பேட்ஜாக மாறிய தேர்தல் என்று இதைச் சொல்லலாம்.

சில வாரமே வாழ்ந்த சேவல்

பேட்ஜ் சேகரிப்பவர்கள் தேடவேண்டிய அரிய வகை எது என்று கேட்டால், 1989-ஐத்தான் சொல்ல வேண்டும்.

எம்.ஜி.ஆர். 1987 டிசம்பர் 24-ல் மறைந்தார். கட்சி இரண்டானது. இரட்டை இலையை யாருக்கும் தராமல் தேர்தல் ஆணையம் முடக்கியது. 1989 ஜனவரி தேர்தலில் ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அணிக்கு இரட்டைப் புறா. இதில் நம் பக்கத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. ஜெயலலிதா நின்றது போடிநாயக்கனூரில், ஜானகி நின்றது ஆண்டிபட்டியில். இரண்டும் அன்று மதுரை மாவட்டம். சேவலும் புறாவும் நம் வைகைக் கரையில்தான் கொடி பிடித்தன!

சேவல் 27 இடங்களில் வென்றது. ஜானகி ஆண்டிபட்டியில் தோற்றார். பிறகு அணிகள் இணைந்தன, இரட்டை இலை திரும்பக் கிடைத்தது. தள்ளிவைக்கப்பட்டிருந்த மதுரை கிழக்கு, மருங்காபுரி தேர்தல்கள் அந்த மார்ச்சில் நடந்தபோது, இரட்டை இலையே இரண்டிலும் ஜெயித்தது. ஆக, சேவல் பேட்ஜின் ஆயுள் சில வாரங்கள்தான். அதே தேர்தலில் சிவாஜி கணேசனும் ‘தமிழக முன்னேற்ற முன்னணி’ என்று தனிக்கட்சி கண்டு, திருவையாற்றில் தோற்று, பிறகு அந்தக் கட்சியே இல்லாமல் போனது. அதன் பேட்ஜ் எங்காவது பத்திரமாக இருந்தால், வைத்திருப்பவர் அதிர்ஷ்டசாலி.

2017-ல் மீண்டும் அதே காட்சி. இரட்டை இலை முடக்கப்பட்டு, ஆர்.கே.நகர் இடைத்தேர்தலுக்கு ஓர் அணிக்குத் தொப்பியும் இன்னோர் அணிக்கு மின்கம்பமும் கிடைத்தன. கடைசியில் அந்தத் தேர்தலே ரத்தானது. நடக்காத தேர்தலின் சின்னம் அது!

சின்னமே தேதி

வெளிநாட்டுப் பழைய பேட்ஜ்களின் பின்பக்கத்தில் கம்பெனிப் பெயரும் உரிமம் பெற்ற தேதியும் அச்சடித்த காகிதம் இருக்கும். நம் ஊர் பேட்ஜ்களில் பெரும்பாலும் எதுவும் இருக்காது. அப்படியானால் வயதைக் கண்டுபிடிப்பது எப்படி? கவலை வேண்டாம், சின்னமே தேதி சொல்லும்.

• இரட்டைக் காளை என்றால் 1969-ல் காங்கிரஸ் பிளவுபடுவதற்கு முன்பு.

• பசுவும் கன்றும் என்றால் பிளவுக்குப் பிறகான இந்திரா காங்கிரஸ், 1970-களின் பேட்ஜ். கை என்றால் 1978-க்குப் பிறகு.

• காமராஜர் படத்தோடு ராட்டை நூற்கும் பெண் என்றால், பிளவுக்குப் பின் அவர் இருந்த ஸ்தாபன காங்கிரஸ். அவர் மறைந்தது 1975 அக்டோபர் 2.

• எம்.ஜி.ஆரும் உதயசூரியனும் ஒரே பேட்ஜில் இருந்தால், 1972 அக்டோபருக்கு முன்பு.

• சுத்தியல், அரிவாள், நட்சத்திரம் மூன்றும் சேர்ந்து தேர்தல் சின்னமாக இருந்தால், 1964-ல் கம்யூனிஸ்ட் கட்சி பிரிந்த பிறகு. கதிர் அரிவாள் என்றால் அது இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி.

• அ.தி.மு.க. பேட்ஜில் ‘அ.இ.’ என்ற முன்னெழுத்து இருந்தால், கட்சி அனைத்திந்தியக் கட்சி ஆன 1976-க்குப் பிறகு.

• மூப்பனாரும் சைக்கிளும் என்றால், 1996-ல் தமிழ் மாநில காங்கிரஸ் பிறந்த பிறகு.

• விஜயகாந்த் படம் போட்ட தே.மு.தி.க. பேட்ஜ் என்றால், அந்தக் கட்சி மதுரையில் தொடங்கிய 2005 செப்டம்பர் 14-க்குப் பிறகு.

எழுத்தும் ஒரு துப்பு தரும். 1978-ல் எம்.ஜி.ஆர். அரசு, பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணையிட்டது. அதற்கு முன்பு ‘லை’ என்ற எழுத்துக்கு யானைத் தும்பிக்கை போல ஒரு கொம்பு இருக்கும். ‘ணா’ எழுத்துக்கும் தனிச்சுழி இருக்கும். அதனால் பேட்ஜில் ‘அண்ணா’, ‘இரட்டை இலை’ என்ற சொற்கள் இருந்தால் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். பழைய வடிவம் இருந்தால், 1978-க்கு முன்பு அல்லது அதை ஒட்டி வந்ததாக இருக்கலாம். ஆணை வந்த பிறகும் சில அச்சகங்களில் பழைய எழுத்து தொடர்ந்ததால், இதை மட்டும் வைத்து முடிவுகட்ட வேண்டாம்.

அசலா, நகலா?

விலை ஏறும் பொருளுக்கு நகல் வருவது உலக வழக்கம். அமெரிக்காவில் பழைய தேர்தல் பேட்ஜ்களின் நகல்கள் பெருகியதால், நகல் என்றால் அது தயாரான ஆண்டை அதில் குறிப்பிட வேண்டும் என்று 1973-ல் சட்டமே போட்டார்கள். நம்மிடம் அப்படிச் சட்டம் இல்லை. எனவே வாங்குபவர்தான் உஷாராக இருக்க வேண்டும்.

மதுரைத் திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை மாதிரி இடங்களில் பழைய சாமான்களுக்கு நடுவே எதாவது கண்ணில் பட்டால், முன்பக்கத்தைப் பார்ப்பதற்கு முன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். தகடு துருப்பிடித்திருக்க, ஊக்கு மட்டும் பளபளவென்று மின்னினால் சந்தேகம் வேண்டும். கம்ப்யூட்டர் எழுத்துரு இருந்தால் அது 1960-களின் பேட்ஜ் ஆக முடியாது. மேல் தாள் மஞ்சள் பூக்காமல் புத்தம் புதிதாக இருந்தாலும் யோசியுங்கள். முக்கியமாக, ‘ரொம்ப ரேர் சார்’ என்று விற்பவர் சொல்வதை வைத்து விலை பேசாதீர்கள்.

வீட்டில் இருப்பதைப் பாதுகாப்பதும் எளிதுதான். பேட்ஜின் பெரிய எதிரி ஈரம். அதிலும் வியர்வை உப்பு தகரத்தை அரித்துவிடும். நம் சித்திரை வெயிலில் நெஞ்சில் குத்தி ஊர்வலம் போன பேட்ஜ்கள் பெரும்பாலும் பின்பக்கம் துருவேறித்தான் இருக்கும். அதைத் தண்ணீரில் கழுவ வேண்டாம். உள்ளே இருக்கும் காகிதம் ஊறிப்போகும். உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தாலே போதும். ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் போட்டு, மாத்திரை டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைக் கூடவே வைக்கலாம். செல்லுலாய்டு பேட்ஜ் என்றால் வெயில், அடுப்பு, சாமி விளக்கு மூன்றுக்கும் தூரத்தில் வையுங்கள். அதற்குள் இருப்பது கற்பூரம், மறந்துவிடாதீர்கள்!

பேட்ஜுக்குப் பின்னால் ஒரு மனிதர்

இவ்வளவும் சொன்னாலும், இந்தச் சேகரிப்பில் பெரிய பொக்கிஷம் தகடு அல்ல.

ஜெயித்த கட்சியின் வரலாறு புத்தகத்தில் இருக்கிறது. தலைவர்களுக்குச் சிலை இருக்கிறது. மதுரை காந்தி அருங்காட்சியகத்தில், காந்தி சுடப்பட்டபோது அணிந்திருந்த துணியைக்கூடக் காக்கிறோம். ஆனால், மாநாட்டுக்கு லாரி ஏறிப் போய், மணலில் படுத்து, புளிச்சோறு தின்று, தலைவர் முகத்தைத் தூரத்தில் ஒரு புள்ளியாகப் பார்த்துவிட்டுத் திரும்பிய தொண்டருக்கு என்ன இருக்கிறது? அவர் அங்கே இருந்தார் என்பதற்கு அந்த பேட்ஜ் ஒன்றுதான் அத்தாட்சி. பலருக்கு அதனால் பதவி வரவில்லை. சிலருக்கு அடி கிடைத்தது, சிலருக்கு வீட்டில் சோறு நின்றது. அரசாங்க வேலைக்குப் போனவர்கள் நடத்தை விதிகளுக்குப் பயந்து அதைக் கழற்றிப் பெட்டியின் அடியில் போட்டார்கள். பின்னாளில் அதே ஊழியர்கள் சம்பள உயர்வுக்காகக் கறுப்பு பேட்ஜ் குத்திக்கொண்டு வேலை பார்த்தபோது, எந்தச் சின்னமும் இல்லாத அந்தத் துணித்துண்டும் பேசத்தான் செய்தது.

இன்று ஃபோனில் ஸ்டேட்டஸ் வைக்கிறோம், புரொஃபைல் படத்தை மாற்றுகிறோம். 24 மணி நேரத்தில் ஸ்டேட்டஸ் காணாமல் போகிறது. 50 வருடம் கழித்துப் பேரன் பெட்டியைத் திறந்தால் எடுத்துப் பார்க்க ஒன்றும் இருக்காது.

1967-ல் 20 வயதில் பேட்ஜ் குத்தியவர்களுக்கு இப்போது 80-ஐ நெருங்கும் அல்லது தாண்டும் வயது. தகடு இன்னும் பல வருடம் தாங்கும். அதைக் குத்திய நெஞ்சு அவ்வளவு காலம் காத்திருக்காது. எனவே பெட்டியில் பேட்ஜ் கிடைத்தால் முதலில் விலை விசாரிக்க வேண்டாம். தாத்தாவிடமே கொண்டுபோய்க் கொடுத்து, “இதை எங்கே குத்திக்கிட்டுப் போனீங்க? யார் கூடப் போனீங்க? எப்போ, ஏன் கழற்றினீங்க?” என்று கேளுங்கள். பாட்டி இருந்தால் அவரிடமும் கேளுங்கள். அன்றைக்கு ஊக்கு கொடுத்ததே அவராக இருக்கலாம்! அவர்கள் சொல்வதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, தேதி போட்டு, அதே உறைக்குள் வையுங்கள்.

பெயர் தெரியாத பேட்ஜ் வெறும் தகரம். அணிந்தவரின் பெயரும் கதையும் சேர்ந்துவிட்டால், அது உங்கள் குடும்பத்தின் சரித்திரம்.